கிராஃப்ட் ஜின்: ருசியும் விலையும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேசையில் புது ஜின் பாட்டில் ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டால் போதும், அதே கேள்விகள் வரிசையாக வரும். கேட்பவர்களில் பாதிப் பேர் விஸ்கி, பிராந்தி பழக்கத்தில் இருந்து வந்தவர்கள். மீதிப் பேர் லண்டனிலோ சிங்கப்பூரிலோ கடை அலமாரியில் வரிசையாக நிற்கும் ஜின் வகைகளைப் பார்த்து எதை எடுப்பது என்று தெரியாமல் படம் பிடித்து அனுப்புகிறவர்கள். அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். ஒருமுறை பதில் சொன்னதைத் திரும்பச் சொல்லாமல், அந்தக் கேள்வியின் எண்ணை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

1. ஜின்னுன்னா வோட்காவுல வாசனை போட்டதுதானே?

ஏறக்குறைய அப்படித்தான், அதில் தப்பாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ருசியே இல்லாத நியூட்ரல் ஸ்பிரிட்தான் அடித்தளம். அதில் ஜூனிப்பர் காய், மல்லி விதை, எலுமிச்சைத் தோல், அதிமதுரம், ஏஞ்சலிகா வேர் மாதிரியான சாமான்களை ஊறவைத்து மறுபடி காய்ச்சி வடிக்கிறார்கள். ஐரோப்பியச் சட்டப்படி ஜூனிப்பர் வாசனை தூக்கலாக இருக்க வேண்டும், ஆல்கஹால் 37.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அமெரிக்காவில் அந்தக் குறைந்தபட்சம் 40.

ஆனால் வடிக்காமல் வாசனையைக் கலந்து மட்டும் செய்தாலும் 'ஜின்' என்று போட்டுக்கொள்ள இரண்டு இடத்திலும் சட்டத்தில் இடம் உண்டு. 'டிஸ்டில்டு ஜின்' அல்லது 'லண்டன் டிரை' என்று லேபிளில் இருந்தால் சாமான்களோடு சேர்த்து வடித்தது என்று அர்த்தம். வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டிய வரி அதுதான்.

2. லண்டன் டிரைன்னு போட்டிருக்கே, லண்டன்லதான் செஞ்சதா?

இல்லை, அது செய்முறையின் பெயர். எல்லா ருசியும் வடிக்கும்போதே ஏறிவிட வேண்டும். அப்புறம் வாசனையோ நிறமோ சேர்க்கக் கூடாது. சர்க்கரை லிட்டருக்கு 0.1 கிராமுக்கு மேல் போகக் கூடாது, அதாவது நாக்குக்குத் தெரியாத அளவு. இந்த முறையில் கோவாவிலும் செய்யலாம், டோக்கியோவிலும் செய்யலாம்.

இதற்குள் அடங்காததெல்லாம் மட்டம் என்று நினைக்க வேண்டாம். ஸ்காட்லாந்தின் ஹெண்ட்ரிக்ஸ் 1999-இல் வந்தது. வடித்து முடித்த பிறகு வெள்ளரி, ரோஜா சாரங்களைச் சேர்க்கிறார்கள். அதனாலேயே அதை லண்டன் டிரை என்று சொல்ல முடியாது. ஆனால் இன்றைய புது அலை ஜின்கள் பலவற்றுக்கு வழி விட்டது அதுதான்.

3. கிராஃப்ட்னு யார் சர்டிஃபிகேட் கொடுப்பாங்க?

யாரும் கொடுப்பதில்லை. லண்டன் டிரைக்கு இருப்பது போன்ற சட்ட வரையறை 'கிராஃப்ட்' என்ற சொல்லுக்குக் கிடையாது. யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். ஜெய்சல்மேர் ஜின் பாட்டிலில் 'இந்தியன் கிராஃப்ட் ஜின்' என்று இருக்கும். அதைச் செய்வது ராடிகோ கைத்தான், எயிட் பி.எம். விஸ்கி விற்கும் பெரிய நிறுவனம்.

சொல் எங்கிருந்து கிளம்பியது என்று பார்த்தால் கொஞ்சம் புரியும். பிரிட்டனில் 1,800 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவு உள்ள வடிகலத்துக்கு வரித்துறை உரிமம் தருவதில்லை என்பது நீண்ட நாள் வழக்கமாக இருந்தது. சிப்ஸ்மித் நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் அதை எதிர்த்துப் போராடி, 2009-இல் லண்டனின் ஹாமர்ஸ்மித் பகுதியில் சின்ன செம்பு வடிகலத்தோடு உரிமம் வாங்கினார்கள். அந்தக் கதவு திறந்த பிறகுதான் பிரிட்டன் முழுக்கச் சின்ன ஜின் பட்டறைகள் முளைத்தன. ஆக, 'கிராஃப்ட்' என்றால் சின்ன அளவு, கையால் கவனித்துச் செய்தது என்று ஒரு பொதுப் புரிதல் உண்டு, அவ்வளவுதான். ருசிக்கு அது உத்தரவாதம் இல்லை.

4. ஸ்பிரிட்டையே வெளியில வாங்குறாங்களாமே, அப்போ அது ஏமாத்து இல்லையா?

இந்தக் கேள்வி கோபத்தோடுதான் வரும். உண்மைதான், கிராஃப்ட் ஜின்காரர்களில் பெரும்பாலோர் நியூட்ரல் ஸ்பிரிட்டைப் பெரிய ஆலையிலிருந்து வாங்குகிறார்கள். ஐரோப்பாவில் லண்டன் ஜின்னுக்கு அது குறைந்தது 96 சதவீதம் சுத்தமாக இருக்க வேண்டும். அந்தச் சுத்தத்துக்குக் காய்ச்ச உயரமான கோபுர வடிகலம் வேண்டும், சின்னப் பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. இந்தியாவில் இதை ஈ.என்.ஏ. என்பார்கள். கரும்பு மொலாசஸிலிருந்தும் வரும், தானியத்திலிருந்தும் வரும்.

ஜின்காரரின் கைவேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது: எந்தச் சாமான், எவ்வளவு, எத்தனை மணி நேரம் ஊறல், வடியும்போது எங்கே வெட்டுவது. முதலில் வடிவது காட்டமாக இருக்கும், கடைசியில் வடிவது சோர்ந்துபோய்ப் புழுங்கிய வாடை அடிக்கும். நடுப்பகுதியை மட்டும் எடுப்பதில்தான் திறமை. வாங்கிய ஸ்பிரிட்டை 'நாங்களே வயலிலிருந்து செய்தது' என்று சொன்னால்தான் ஏமாற்று. சொந்தமாகவே காய்ச்சுகிறவர்கள் சிலர் உண்டு. அவர்கள் அதிக விலை கேட்பதில் நியாயமும் உண்டு. ஆனால் ஜூனிப்பருக்கு அடியில் அந்த வித்தியாசம் எவ்வளவு தெரியும் என்பது எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்தான்.

5. ருசி பார்க்கிறதுன்னா எப்படிப் பார்க்கணும்? ராவா அடிக்கணுமா?

ராவாக அடிக்க வேண்டாம், ஐஸும் டானிக்கும் (கொய்னா கசப்புள்ள இனிப்புச் சோடா) போட்ட பிறகு பார்ப்பதும் வேண்டாம். வாய் குறுகிய ஒயின் கிளாஸ் ஒன்றில் 20 மில்லி ஊற்றுங்கள். பாட்டில் ஃபிரிட்ஜில் இருந்திருக்கக் கூடாது, ஏனென்றால் குளிர் வாசனையை அமுக்கிவிடும். ஓரிரு நிமிடம் விட்டு, கிளாஸை முகவாய்க்குக் கீழே பிடித்து, உதட்டைக் கொஞ்சம் திறந்தபடி மெதுவாக மூச்சை இழுங்கள். மூக்கைக் கிளாஸுக்குள் விட்டால் ஆல்கஹால் சுரீரென்று ஏறும், பிறகு கால் மணி நேரத்துக்கு ஒன்றும் தெரியாது. அடுத்து அதே அளவு தண்ணீர், ஐஸ் இல்லாமல். மறுபடி முகருங்கள். இப்போது சாமான்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒரு மடக்கு எடுத்து நாக்கு முழுக்கப் பரவவிட்டு விழுங்கி, மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். முதலில் என்ன வந்தது, நடுவில் என்ன, விழுங்கிய பிறகு எது தங்கியது என்று மூன்றையும் தனித்தனியாகக் கவனியுங்கள்.

இரண்டு சின்ன வேலைகள் கூட உதவும். உள்ளங்கையில் சில சொட்டு விட்டுத் தேய்த்து முகர்ந்தால் ஆல்கஹால் பறந்து சாமான் வாசனை மட்டும் நிற்கும். காலியான கிளாஸைக் கழுவாமல் வைத்து மறுநாள் காலையில் முகர்ந்து பாருங்கள். நல்ல ஜின்னில் வேர்களின் மண்வாசனையும் லேசான இனிப்பும் அடியில் ஒட்டியிருக்கும். மலிவான எசன்ஸ் கலவையில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, அல்லது மிட்டாய்க் காகித வாசம் அடிக்கும்.

ஒற்றை ஜின்னை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. பக்கத்தில் தெரிந்த ஒன்றை அளவுகோலாக வையுங்கள். டாங்கரே, பீஃபீட்டர் மாதிரி பெயர் தெரிந்த லண்டன் டிரை ஜின் ஒன்று போதும். வீட்டில் வேறு யாரையாவது ஊற்றச் சொல்லி, கிளாஸுக்கு அடியில் பெயர் எழுதி ஒட்டி, எது எது என்று தெரியாமல் பாருங்கள். விலை தெரிந்துவிட்டால் நாக்கு விலைக்குத் தகுந்த மாதிரிதான் பேசும்.

6. எனக்கு எதை முகர்ந்தாலும் ஸ்பிரிட் வாசனை மட்டும்தான் வருது. என் மூக்குல கோளாறா?

பெரும்பாலும் மூக்கின் தூரம்தான் கோளாறு, 5-இல் சொன்னபடி தள்ளிப் பிடியுங்கள். தண்ணீர் சேர்த்த பிறகும் நகப்பூச்சு அழிக்கும் திரவம் மாதிரி நெடி அடித்தால் அது உங்கள் தப்பில்லை. வடித்தவர் முதல் பகுதியைச் சரியாக வெட்டவில்லை, அல்லது வாங்கிய ஸ்பிரிட்டே மட்டம். தொண்டையில் சூடு இருப்பது வேறு, நெடி வேறு. 45 சதவீதம் உள்ள நல்ல ஜின் சூடாக இறங்கும், ஆனால் நெடி அடிக்காது.

7. ஜூனிப்பர் ஜூனிப்பர்னு சொல்றீங்க, அதை நாங்க கண்ணால பார்த்ததே இல்லையே?

நம் சமையலறையில் இல்லாத சாமான் என்பதால் இது நியாயமான கேள்வி. மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, கருநீலமாக இருக்கும். பழம் என்று சொன்னாலும் தாவரவியலில் அது சைப்ரஸ் மரக் குடும்பத்துக் கூம்பு. செடியிலேயே இரண்டு மூன்று வருஷம் எடுத்துப் பழுக்கும். மாசிடோனியா, இத்தாலியின் டஸ்கனி பக்கங்களில் காட்டுப் புதரைத் தட்டி உதிர்த்து எடுக்கிறார்கள். அதில் அதிகம் உள்ள பைனீன் என்ற எண்ணெய்க்கூறுதான் பைன் பிசின் வாசனையைத் தருகிறது. கொடைக்கானல் பைன் காட்டில் ஊசி இலையைக் கசக்கி முகர்ந்திருந்தால் முக்கால்வாசி தெரிந்த மாதிரி.

மற்ற சாமான்கள் நமக்குத்தான் சுலபம். ஜின்னில் இரண்டாவது முக்கியமான பொருள் மல்லி விதை. வறுத்த தனியா வாசனையைத் தேடாதீர்கள், வறுக்காத பச்சைத் தனியாவைப் பல்லில் கடித்தால் வரும் எலுமிச்சை வாசம்தான் ஜின்னில் வரும். அதிமதுரம், பட்டை, ஏலக்காய், ஜாதிபத்திரி எல்லாம் நம் மூக்குக்குப் பழகியவை. ருசி பார்க்க உட்காரும்போது அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை.

8. 47 சாமான் போட்ட ஜின்னும் 4 சாமான் போட்ட ஜின்னும் ஒண்ணாகுமா?

ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் செய்யும் மங்கி 47-இல் சாமான் 47, ஆல்கஹாலும் 47 சதவீதம். டாங்கரேயில் ஜூனிப்பர், மல்லி விதை, ஏஞ்சலிகா, அதிமதுரம் என்று நாலே நாலு. இரண்டுமே நல்ல ஜின்தான். சாமான் பட்டியல் நீளமாக இருப்பதால் குழம்பு ருசித்துவிடாது, அதே கதைதான் இங்கேயும்.

பட்டியலை வேறு விதமாகப் படிக்கலாம். லேபிளில் பெருமையாகச் சொன்ன சாமான் கிளாஸில் தெரிகிறதா? 'இமயமலை மூலிகை', 'கடலோரப் பாசி' என்று எழுதிவிட்டு உள்ளே எலுமிச்சை மட்டும் இருந்தால், எழுத்துக்குத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள். எல்லாமே தெரிய வேண்டும் என்பதில்லை. ஐரிஸ் வேர் மாதிரி சில சாமான்கள் தனியாகத் தெரியாமல் மற்ற வாசனைகளைப் பிடித்து நிறுத்தும் வேலையைச் செய்யும்.

9. 37.5, 42.8, 57ன்னு ஏன் விதவிதமா இருக்கு? கூடுதலா இருந்தா கிக்குக்காகவா?

37.5 என்பது ஐரோப்பியச் சட்டம் விடும் கடைசிப் படி. வரி ஆல்கஹால் அளவை வைத்து வருவதால் மலிவு ஜின்கள் அங்கேதான் நிற்கும். பிரிட்டனில் விற்கும் கார்டன்ஸ் அப்படித்தான். 42.8 இந்தியாவில் அடிக்கடி காண்பது. பழைய பிரிட்டிஷ் அளவையில் 100 புரூஃப் என்பது சுமார் 57.1 சதவீதம். அதில் முக்கால் பங்கு 42.8. வெள்ளைக்காரன் விட்டுப்போன கணக்கு இன்னும் நம் லேபிளில் ஓடுகிறது. 57-ஐ நேவி ஸ்ட்ரெங்த் என்பார்கள்.

கிக்கைவிட ருசிக்குத்தான் இந்த எண் முக்கியம். சாமான்களின் வாசனை எண்ணெய்கள் ஆல்கஹாலில்தான் கரைந்து நிற்கும். 37.5-க்கு இறக்கும்போது வாசனையும் மெலிகிறது, டானிக் ஊற்றியதும் காணாமல் போகிறது. எனக்குத் தனிப்பட்ட முறையில் 42-லிருந்து 47 வரை உள்ளதுதான் பிடிக்கும். 57 உள்ளதை வாங்கினால் அளவைக் குறைத்து ஊற்ற வேண்டும், பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

10. தண்ணி ஊத்தினதும் பால் மாதிரி கலங்கிருச்சு. போலி சரக்கா?

போலி இல்லை. 9-இல் சொன்ன எண்ணெய்கள் ஆல்கஹால் குறைந்ததும் கரைந்து நிற்க முடியாமல் நுண்துளிகளாகப் பிரிகின்றன, அதுதான் கலங்கல். சாமானைத் தாராளமாகப் போட்டு, குளிரவைத்து வடிகட்டாமல் விட்ட ஜின்னில் இது நடக்கும். கலங்கினால்தான் உசத்தி என்றும் கிடையாது. பாட்டிலில் இருக்கும்போதே கலங்கியிருந்தால் மட்டும் கடைக்காரரிடம் கேளுங்கள்.

11. நீலக்கலர் ஜின் எலுமிச்சை பிழிஞ்சா ஊதாவா மாறுது, அதுல என்ன விசேஷம்?

நம் வேலியோரச் சங்குப்பூதான் விசேஷம். அதன் நிறமி புளிப்புப் பட்டால் நீலத்திலிருந்து ஊதாவாகவும் ரோஸாகவும் மாறும். கனடாவின் விக்டோரியா நகரப் பக்கத்திலிருந்து வரும் எம்ப்ரஸ் 1908 ஜின் இதை வைத்தே பேர் வாங்கியது. பூவுக்கு ருசி என்று பெரிதாக எதுவும் இல்லை. கண்ணுக்கு விருந்து, விருந்தாளிகளுக்கு வேடிக்கை. ருசியைக் கண்ணை மூடிக்கொண்டு தீர்மானியுங்கள்.

பிங்க் ஜின்னில் கவனம் வேண்டும். பலவற்றில் சர்க்கரையும் பழ எசன்ஸும் ஏறியிருக்கும், சிலவற்றில் ஆல்கஹால் 37.5-க்கும் கீழே போய் 'ஜின் லிக்கர்' என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். இனிப்பு பிடிக்கும் என்றால் தாராளமாக வாங்குங்கள், ஆனால் கிராஃப்ட் ஜின் விலை கொடுத்து வாங்காதீர்கள்.

12. ஒரு பாட்டில் 16 பவுண்டுக்கும் கிடைக்குது, 40 பவுண்டுக்கும் கிடைக்குது. உள்ளே அவ்வளவு வித்தியாசமா?

பிரிட்டன் கணக்கையே எடுத்துக்கொள்வோம், அங்கே கணக்கு தெளிவாக இருக்கும். 2025 பிப்ரவரி விகிதப்படி ஸ்பிரிட் வரி, சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 32.79 பவுண்ட். 700 மில்லி பாட்டில் 37.5 சதவீதம் என்றால் வரி சுமார் 8.60. விற்பனை விலை 16 என்றால் அதில் வாட் 2.67. மிச்சம் சுமார் 4.70 பவுண்டில் கடைக்காரர் லாபம், லாரி, கண்ணாடி, மூடி, ஜின் எல்லாம் அடங்க வேண்டும். 40 பவுண்ட் பாட்டில், 40 சதவீதம் என்றால் வரி 9.18, வாட் 6.67, மிச்சம் 24 பவுண்டுக்கு மேல். விலை இரண்டரை மடங்குதான், ஆனால் வரி போக நிற்கும் பணம் ஐந்து மடங்கு.

அந்த 24 எங்கே போகிறது என்பதுதான் விஷயம். சாமானுக்கு என்று நினைத்தால் தப்பு, ஒரு பாட்டிலுக்கான ஜூனிப்பரும் மல்லியும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். சின்ன வடிகலத்தில் ஒரு நாளைக்குச் சில நூறு பாட்டில்தான் வரும், ஆள் கூலி, வாடகை எல்லாம் அவ்வளவு பாட்டில்களின் தலையில் விழும். பெரிய ஆலைகள் பலவற்றில் சாமானைப் பல மடங்கு போட்டு அடர்த்தியாக வடித்து, பிறகு ஸ்பிரிட்டும் தண்ணீரும் சேர்த்துப் பெருக்கிக்கொள்கிறார்கள். அது குற்றமில்லை, சட்டமும் இடம் கொடுக்கிறது, ருசியும் நன்றாகவே வரும். கிராஃப்ட் பாட்டிலில் கனமான கண்ணாடி, மரமூடி, கையெழுத்து லேபிள் என்று இன்னொரு செலவும் சேர்கிறது. கனமான பாட்டிலைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு உள்ளே இருப்பதும் உசத்தி என்று நம்பும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு.

என் கணக்கு இப்படி: 16-லிருந்து 25 வரை போனால் ருசியில் நிஜமான ஏற்றம் தெரியும். 25-லிருந்து 40 போனால் தரம் ஏறுகிறது என்பதைவிடத் தனித்தன்மை கூடுகிறது என்று சொல்லலாம். அந்தத் தனித்தன்மை உங்களுக்குப் பிடித்தால் கொடுக்கலாம். 40-க்கு மேல் போனால் பெரும்பாலும் பாட்டிலுக்கும் கதைக்கும்தான்.

13. அதே பாட்டில் கோவாவுல ஒரு விலை, பெங்களூர்ல ஒரு விலை. எதை வச்சு மதிப்புப் போடுறது?

மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, ஒவ்வொரு மாநிலமும் தன் எக்சைஸை வைத்துக்கொள்கிறது. கோவாவில் வரி குறைவு, கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் அதிகம். தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில் இருப்பதால் அவர்கள் எடுத்து வைப்பதுதான் கிடைக்கும். அதனால் ரூபாயை வைத்துத் தனியாக மதிப்புப் போட முடியாது. ஒரே கடையில் அளவுகோல் ஜின்னுக்கும் இதற்கும் எத்தனை மடங்கு வித்தியாசம் என்று பாருங்கள். பாதிக்குப் பாதி கூடுதல் என்றால் யோசிக்கலாம், மூன்று மடங்கு என்றால் முதலில் பாரில் ஒரு ஸ்மால் வாங்கிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

14. நம்ம ஊர் கிராஃப்ட் ஜின் எல்லாம் உண்மையிலேயே நல்லா இருக்கா, இல்ல தேசப்பற்றா?

நன்றாகவே இருக்கிறது. 2017-இல் கோவாவிலிருந்து வந்த கிரேட்டர் தன்தான் இந்த அலையைத் தொடங்கி வைத்தது. மாசிடோனிய ஜூனிப்பர், இஞ்சி, சோம்பு, எலுமிச்சைப்புல், கெமோமில் பூ போட்ட நேரான லண்டன் டிரை. டானிக்குக்கு என்றே செய்த மாதிரி இருக்கும், இந்தியக் கிராஃப்ட் ஜின்களில் விலையும் குறைவான பக்கம். கொடுத்த காசுக்கு இதைவிட அதிகம் தரும் இந்திய ஜின் எனக்குத் தெரிந்து இல்லை. அதே நிறுவனத்தின் ஹபூசா வேறு ஜாதி. இமயமலை ஜூனிப்பர், மஞ்சள், கந்தராஜ் எலுமிச்சை எல்லாம் சேர்ந்து மண்ணும் பிசினுமாகக் கனமாக இருக்கும். டானிக்கில் அதைப் பாதி வீணடிக்கிறோம் என்றே தோன்றும், ஒரு பெரிய ஐஸ் கட்டி போதும்.

ஸ்ட்ரேஞ்சர் அண்ட் சன்ஸ், இதுவும் கோவா, 2018-இல் வந்தது. கந்தராஜ், நாக்பூர் ஆரஞ்சு என்று தோல்களின் வாசனை முன்னால் நிற்கும், மிளகும் ஜாதிபத்திரியும் பின்னால் வரும். இலங்கையின் கொழும்பு நம்பர் 7-ஐயும் இங்கே சேர்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டுச் சாமான் வராமல் போனதால் உள்ளூர்ப் பட்டை, மல்லி, இஞ்சி, கறிவேப்பிலையை வைத்து உருவான செய்முறையின் வாரிசு என்று அதன் கதை. ராக்லேண்ட் நிறுவனத்தார் செய்வது. கறிவேப்பிலை என்றதும் தாளிப்பு வாசம் வரும் என்று பயப்படாதீர்கள், எண்ணெயில் பொரியாத பச்சை இலையின் வாசம் கடைசியில் மெல்ல வந்து போகும்.

15. பாட்டில்ல தங்க மெடல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா நம்பலாமா?

பாதி நம்பலாம். லண்டனின் ஐ.டபிள்யூ.எஸ்.சி. என்ற சர்வதேச மதுப் போட்டி 1969-லிருந்து நடக்கிறது. நடுவர்கள் பெயர் தெரியாமல்தான் ருசி பார்க்கிறார்கள், 95 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால் தங்கம். ஆனால் ஓட்டப்பந்தயம் மாதிரி ஒருவருக்குத்தான் தங்கம் என்பதில்லை, மதிப்பெண் வந்த எல்லோருக்கும் உண்டு. கலந்துகொள்ளக் கட்டணமும் கட்ட வேண்டும், கட்டாதவர்கள் போட்டியிலேயே இல்லை. தங்கம் இருந்தால் பழுதில்லாத சரக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பிடிக்கும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. வெள்ளி, வெண்கல ஸ்டிக்கர்களை நான் கண்டுகொள்வதே இல்லை. வருஷத்தையும் பாருங்கள், பழைய மெடலைக் காலாகாலத்துக்கும் ஒட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

16. பெரிய கம்பெனி வாங்கிட்டா அது இன்னும் கிராஃப்ட்தானா?

3-இல் பேசிய சிப்ஸ்மித்தையே 2016-இல் பீம் சன்டோரி வாங்கிவிட்டது. அதே வருஷம் மங்கி 47-இல் பெரும்பங்கை பெர்னோ ரிக்கார் எடுத்தது. 2020-இல் அமெரிக்காவின் ஏவியேஷன் ஜின்னை டியாஜியோ வாங்கியது, 61 கோடி டாலர் வரை தருவதாக ஒப்பந்தம். கிரேட்டர் தன் செய்யும் நிறுவனத்திலும் டியாஜியோவின் இந்தியக் கிளை 2022-இல் பங்கு எடுத்தது. முதலாளி மாறினால் ருசி அன்றைக்கே மாறிவிடாது. மாறினால் முதலில் இரண்டு இடத்தில் தெரியும்: ஆல்கஹால் சதவீதம் சத்தமில்லாமல் குறையும், அல்லது 'இந்த இடத்தில் வடித்தது' என்ற வரி லேபிளிலிருந்து மறையும். அந்த இரண்டும் அப்படியே இருந்தால் முதலாளி யார் என்பது எனக்குக் கவலையில்லை.

17. கடைசியில டானிக் ஊத்தித்தானே குடிக்கப் போறோம், அப்போ எல்லாம் ஒண்ணுதானே?

ஒன்றில்லை. டானிக்தான் கடைசிப் பரீட்சை. சரக்கு ஒரு பங்கு, டானிக் இரண்டு பங்கு, கிளாஸ் நிறைய ஐஸ். எலுமிச்சை போடாமல் முதல் மடக்கு. ராவாக முகர்ந்தபோது தெரிந்த வாசனைகளில் ஒன்றிரண்டாவது இன்னும் நிற்கிறதா? கொய்னாவின் கசப்பையும் சர்க்கரையையும் தாண்டி ஜூனிப்பர் வந்தால் அந்த ஜின்னுக்குக் கொடுத்த காசு வீண் போகவில்லை. வெறும் டானிக் ருசிதான் வருகிறது என்றால் அளவுகோல் ஜின்னே போதும். ரோஜா, மல்லிகை, தேயிலை என்று மென்மையாக வாசம் வரும் ஜின்கள் பல இந்த இடத்தில்தான் தோற்கும்.

டானிக்கிலும் மிச்சம் பிடிக்கக் கூடாது. கிளாஸில் மூன்றில் இரண்டு பங்கு அதுதான். அதிக இனிப்புள்ள டானிக் எந்த ஜின்னையும் சர்பத்தாக்கிவிடும். வாய் திறந்து நாள்பட்ட பெரிய பாட்டிலைவிட ஒருமுறைக்கு ஒன்று என்று சின்ன பாட்டில் நல்லது.

18. மார்ட்டினிக்கும் நெக்ரோனிக்கும் ஒரே ஜின் சரிப்படுமா?

மார்ட்டினி என்ற காக்டெயிலில் பெரும்பகுதி ஜின்தான், கூடவே கொஞ்சம் வெர்மத் (மூலிகை போட்ட ஒயின்). ஜின் ஒளிந்துகொள்ள அங்கே இடமில்லை, பழுது இருந்தால் பளிச்சென்று தெரியும். 12-இல் சொன்ன, 24 பவுண்ட் மிச்சம் நிற்கும் அந்தப் பாட்டிலுக்கு அங்கேதான் வேலை. நெக்ரோனி காக்டெயிலில் கம்பாரியும் (கசப்பான சிவப்பு இத்தாலிய மது) இனிப்பு வெர்மத்தும் ஏறி உட்கார்ந்துவிடும், ஜூனிப்பர் தடித்த நேரான ஜின்தான் தாக்குப்பிடிக்கும். விலை அதிகமான மெல்லிய ஜின்னை நெக்ரோனியில் போடுவது காசைக் கரைப்பது.

19. 500 மில்லி, 700, 750, ஒரு லிட்டர்... டியூட்டி ஃப்ரீல எது லாபம்?

போனில் ஒரு வகுத்தல் போடுங்கள்: விலையை மில்லியால் வகுக்க வேண்டும். மங்கி 47 அரை லிட்டர் பாட்டிலில் வருவதால் அலமாரியில் விலை அவ்வளவாகத் தெரியாது, வகுத்தால் தெரியும். டியூட்டி ஃப்ரீயில் வரி இல்லாததால் வரி அதிகமான, ஆல்கஹால் கூடுதலான ஜின்னில்தான் லாபம் அதிகம். இந்தியாவுக்குள் ஆளுக்கு 2 லிட்டர்தான் வரியில்லாமல் கொண்டுவரலாம். அதில் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும் சாதாரண ஜின்னைக் கொண்டுவந்து இடத்தை அடைக்காதீர்கள்.

20. ஜின் குடிச்சா மறுநாள் தலைவலி வராதாமே?

வரும். நிறமில்லாத சரக்கில் விஸ்கி, பிராந்தியைவிட உபபொருட்கள் குறைவு என்பது சரி, ஆனால் தலைவலிக்குப் பெரிய காரணம் குடித்த ஆல்கஹாலின் அளவு. டானிக்கில் ஜின் சுலபமாக இறங்குவதால் அளவு தெரியாமல் போய்விடும். 'மூலிகை' என்ற சொல்லைப் பார்த்து உடம்புக்கு நல்லது என்று சொல்லும் பெரியப்பாக்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அது மருந்தில்லை.

21. திறந்த பாட்டில் எவ்வளவு நாள் தாங்கும்?

கெட்டுப்போகாது, ஆனால் மங்கும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் வாசனை முதலில் போகும், வேர்களின் வாசனை தங்கும். பாட்டிலில் கால்வாசிதான் மிச்சம் என்றால் உள்ளே காற்று அதிகம், அதனால் சீக்கிரம் முடித்துவிடுங்கள் அல்லது சின்ன பாட்டிலுக்கு மாற்றுங்கள். வெயில் படும் ஷோகேஸில் அடுக்கி வைப்பதுதான் மோசம்.

22. ஜூனிப்பரே தெரியல, ஆனா ரொம்ப ருசியா இருக்கு. அதை நல்ல ஜின்னுன்னு சொல்லலாமா?

நல்ல பானம் என்று சொல்வேன், நல்ல ஜின் என்று சொல்ல மாட்டேன். 1-இல் சொன்ன விதி வெறும் சட்டப் புத்தகத்துக்கு மட்டும் இல்லை. ஜூனிப்பரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வாசனை போட்ட வோட்காதான், வோட்காவின் விலைதான் அதற்குச் சரி. இதற்கு என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் நிறைய. பழம், பூ தூக்கலான புதுவகையைப் 'புதுயுக ஜின்' என்று தனியாகவே ரசிக்கலாம் என்பது அவர்கள் கட்சி. ஜப்பானின் ரோக்குவைக் காட்டுவார்கள். அதில் செர்ரிப்பூ, யூசு என்ற ஜப்பானிய எலுமிச்சை வகை, இரண்டு வகைத் தேயிலை, சன்ஷோ மிளகு எல்லாம் உண்டு. ஆனால் அதில் ஜூனிப்பர் அடியில் உறுதியாக நிற்கிறது, அதனால் அது என் கட்சிக்குத்தான் சாட்சி.

23. மச்சானுக்கு கிஃப்ட் கொடுக்கணும், அவருக்கு ஜின் பத்தி ஒண்ணும் தெரியாது. எதை வாங்க?

விஸ்கி குடிப்பவர் என்றால் ஹபூசா. மோர், எலுமிச்சை ஜூஸ் ஆசாமி என்றால் ஸ்ட்ரேஞ்சர் அண்ட் சன்ஸ். இலங்கையில் இருந்து யாராவது வருகிறார்கள் என்றால் கொழும்பு நம்பர் 7 வாங்கிவரச் சொல்லுங்கள், பெட்டியைத் திறந்ததுமே பேச்சுக்கு விஷயம் கிடைக்கும். கூடவே நல்ல டானிக் நாலு பாட்டில் வாங்கிக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஸ்ப்ரைட் ஊற்றித்தான் குடிப்பார்.